நான்காவது வருஷத்துக் கணக்கு

அடியேன் கல்லூரி வாசல் மிதிக்காதவன். ரவிவார் பேட்டையில் பாத்திரக்கடை. கடை மூடியபின் புத்தகம். தண்ணீரைப் பற்றி எழுதும்படி மலர்க் குழுவினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். ஆனால் யோசித்துப் பார்த்தால், வறட்சி வருவது பாத்திரக்கடைக்காரனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிடும். நகரத்து ஜனங்கள் டிரம்மும் குடமும் வாங்க வருவார்கள். தௌண்ட், இந்தாபூர் பக்கத்து விவசாயிகள் கல்யாணச் சீர்ப் பாத்திரம் வாங்க வரமாட்டார்கள். ஒரே நதியின் தண்ணீர்க் குறைவு என் கடையில் ஒரு பக்கம் வியாபாரத்தை ஏற்றுகிறது, மறுபக்கம் இறக்குகிறது. இது ஏன் என்று தேடியதில் தெரிந்துகொண்டதை இங்கே சொல்கிறேன்.

நம் பூனாவில் கூடும் முளாவும் முட்டாவும் கிழக்கே போய் பீமாவில் சேர்கின்றன. பீமா, பீமாசங்கரத்தில் பிறந்து, பண்டரிபுரத்தில் சந்திரபாகா என்று பெயர் பெற்று, கர்நாடகத்துக்குள் போய் ராய்ச்சூர் அருகே கிருஷ்ணாவில் கலக்கிறது. மலைமேல் கொட்டுகிற மழை பூனாவுக்கு வருவதற்குள் பலமடங்கு குறைந்துவிடும். இன்னும் கிழக்கே சாங்கோலா, மங்கள்வேடா பக்கம் போனால் வானம் பார்த்த பூமி. ஆகவே இந்தப் படுகையில் மேற்கே பெய்வதைப் பிடித்துவைத்துத்தான் கிழக்கே பிழைக்க வேண்டும்.

அப்படிப் பிடித்துவைக்க நமக்கு மேலே நாலு அணைகள்: கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டெம்கர். நாலும் நிரம்பினால் சுமார் 29 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர்.) இதில்தான் பூனா நகரமும் குடிக்க வேண்டும், முட்டா வலது கரைக் கால்வாய் வழியாக தௌண்ட், இந்தாபூர் வயல்களும் நனைய வேண்டும். நகரம் வளர வளர யாருக்கு எவ்வளவு என்ற தகராறும் வளர்கிறது.

கீழே சோலாப்பூர் ஜில்லாவில் உஜனி அணை. மொத்தக் கொள்ளளவு சுமார் 117 டி.எம்.சி. அதில் பாதிக்கு மேல், சுமார் 63 டி.எம்.சி., கால்வாய் மதகு மட்டத்துக்குக் கீழே நிற்கும் அடித்தண்ணீர். மேலே உள்ளது தீர்ந்தால் பத்திரிகையில் "உஜனி மைனஸில்" என்று போடுவார்கள். அணையில் தண்ணீர் இருக்கும்போதே மைனஸ் எப்படி என்று முன்பு எனக்குக் குழப்பம். வியாபாரி பாஷையில் சொன்னால் விளங்கும்: வட்டி தீர்ந்து முதலில் கைவைத்தாயிற்று என்று அர்த்தம். 2016, 2019, 2024 கோடைகளில் இப்படித்தான் ஆனது. தண்ணீர் அவ்வளவு இறங்கும்போது முழுகிக் கிடக்கும் பழைய பளஸ்தேவ் கோயில் வெளியே தெரியும். ஜனங்கள் பார்க்கப் போவார்கள். எனக்கு அது நோட்டீஸ் போர்டு மாதிரிதான் தெரிகிறது.

இங்கே ஒரு முக்கியமான கணக்கு. 1973-ல் பச்சாவத் நடுவர் மன்றம் கிருஷ்ணா நீரை மூன்று மாநிலங்களுக்குப் பங்கிட்டது. மகாராஷ்டிரத்துக்கு 560 டி.எம்.சி. என்றது. மொத்த நீரை '75 சதவீத நம்பகம்' என்ற அளவில் எடுத்தார்கள். அதாவது நாலில் மூன்று வருஷம் அவ்வளவு தண்ணீர் நிச்சயம் வரும். ஒரு வருஷம் குறையலாம். அந்த நான்காவது வருஷம் தெய்வ சாபம் அல்ல, முதலிலேயே கணக்கில் எதிர்பார்த்ததுதான். எந்தக் கடைக்காரனும் நாலு வருஷத்தில் ஒன்று மந்தம் என்று தெரிந்தால் கையிருப்பு வைப்பான். நாம் மூன்று நல்ல வருஷங்களை நம்பிக் கட்டடமும் எழுப்புகிறோம், கரும்பும் நடுகிறோம்.

கரும்பு போடுகிறவனைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்குவதற்கு ஆலை காத்திருக்கிறது. வேறு எந்தப் பயிருக்கு அந்த நிச்சயம் உண்டு? ஆனால் அது 12 முதல் 18 மாதப் பயிர். கோடை முழுக்க வயலில் நின்று தண்ணீர் கேட்கும்.

இப்போது பருவமும் மாறிவருகிறது. 2023 ஆகஸ்ட், 1901-க்குப் பிறகு இந்தியாவிலேயே மிக வறண்ட ஆகஸ்ட். அடுத்த கோடையில் உஜனி மைனஸ். அதே 2024 ஜூலை 25-ல் பூனா சிங்ககட் ரோடு பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம். ஆகஸ்டில் உஜனி நிரம்பிவிட்டது. வெப்பம் ஏறினால் காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும். அதனால் மழை கொட்டும்போது ஒரேயடியாகக் கொட்டும். நடுவில் இடைவெளி நீளும். நான்காவது வருஷம் இனி நான்காவதாகத்தான் வரும் என்று சொல்ல முடியாது.

வழி என்ன? ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் படுகை 1997 முதல் 2009 வரை நீண்ட வறட்சியில் தவித்தது. அங்கே விவசாயிக்கு உள்ளது நதியில் ஒரு பங்கு. இந்தப் பருவத்தில் அந்தப் பங்குக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று அரசு அறிவிக்கும். கம்பெனி ஷேருக்கு லாபத்தைப் பார்த்து டிவிடெண்ட் தருவது போல.

இதைவிட நியாயமான முறை நம் பக்கத்திலேயே பிறந்தது. 1972 பஞ்சத்தைப் பார்த்து மனம் நொந்த பூனா இன்ஜினியர் விலாஸ்ராவ் சாளுங்கே, புரந்தர் தாலுகா நாய்காவில் 'பானி பஞ்சாயத்து' தொடங்கினார். நிலத்தின் அளவுக்குத் தண்ணீர் இல்லை. வீட்டில் உள்ள தலைக்கு அரை ஏக்கர் வீதம், குடும்பத்துக்கு அதிகபட்சம் இரண்டரை ஏக்கருக்குத் தண்ணீர். நிலமில்லாதவனுக்கும் பங்கு. கரும்பு கூடாது. விதியை முதலில் ஒத்துக்கொண்டு பிறகுதான் தண்ணீர். 2002-ல் அவர் மறைந்தார். அவர் கேட்ட கேள்வி இன்னும் இருக்கிறது.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. வந்தவாசிப் பக்கத்து எங்கள் கிராமத்தில் நீர்க்கட்டி என்று ஒருவர் இருந்தார். ஏரித் தண்ணீரை முறை வைத்து விடுவது அவர் வேலை. ஏரி குறைந்தால் முறையும் குறையும்; பெரிய பண்ணைக்கும் அதே சட்டம். வீட்டில் என் அம்மா தண்ணீரைத் துணியில் வடிகட்டாமல் தரமாட்டாள். துணியில் தங்கிய சிற்றுயிர்களை அதே கிணற்றில் பத்திரமாகச் சேர்ப்பாள். எடுத்த இடத்துக்குத் திருப்பிக் கொடு என்பது சமணர் வீட்டு ஒழுக்கம். பூனாவோ தான் எடுத்த நீரைச் சாக்கடையாக்கி உஜனிக்கு அனுப்புகிறது. முறையாகச் சுத்திகரித்தால் அதுவே கீழே உள்ளவர்களுக்கு இன்னொரு அணை.

கடைசியாக ஒன்று. 2019 ஜூனில் சென்னையிலிருந்து என் தங்கை போன் செய்தாள். "அண்ணா, ஒரு குடத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்திருக்கறேன்" என்றாள். 1976-ல் மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் மூன்றும் சென்னைக்கு ஆளுக்கு 5 டி.எம்.சி. கிருஷ்ணா நீர் தர ஒப்புக்கொண்டன. 1996-ல் அது பூண்டிக்கு வந்தது. ஆவியாவது போக எல்லையில் 12 டி.எம்.சி. என்பது ஏட்டில் உள்ள கணக்கு. ஆனால் அந்தக் கோடையில் சென்னையின் ஏரிகள் காய்ந்து, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போயிற்று. ஏட்டில் பங்கு இருந்தது, குடத்தில் இல்லை. நாமும் நம் சொந்தங்களும் ஒரே நதியின் இரண்டு முனையில் இருக்கிறோம் என்று அன்றுதான் உறைத்தது.

அன்பர்களே, அணை நிரம்பினால் நாம் போட்டோ எடுக்கப் போகிறோம். அன்றைக்கே கேட்க வேண்டும்: அடுத்த மழை பிந்தினால் யாருக்கு எவ்வளவு குறையும்? எங்கள் சொஸைட்டியில் வீட்டுக்கு வீடு மீட்டர் வைக்க நாலு கூட்டம் பேசியும் ஒத்துவரவில்லை. கோடையில் டாங்கர் வந்தது. தாகத்தில் உட்கார்ந்தால் சண்டைதான் வரும். வயிறு நிறையத் தண்ணீர் குடித்தபிறகு உட்கார்ந்தால்தான் பங்கு பேச முடியும். இந்த வருஷம் மழை நின்றதும் ஐந்தாவது கூட்டம் போடப்போகிறேன்.