நேபாளி டைப்பிங்: பிரீத்தியா, யூனிகோடா?

காத்மாண்டுவில் இருக்கும் என் நண்பர் புதிதாக கம்ப்யூட்டர் வாங்கினார். அவருடைய அப்பா பழைய கம்ப்யூட்டரில் பல ஆண்டுகளாக டைப் செய்து வைத்திருந்த குடும்ப வரலாற்றை அதில் காப்பி செய்து திறந்தால், நேபாளி எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் கலந்து கிடந்தன. வைரஸ் வந்துவிட்டது என்று பயந்து பைலை எனக்கு அனுப்பினார். வைரஸ் எதுவும் இல்லை. பிரீத்தி என்ற பாண்ட் புதிய கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான்.

நேபாளி மொழி தேவநாகரி எழுத்தில் எழுதப்படுகிறது. நேபாளத்தில் மிக அதிகமாகப் புழங்கிய பாண்ட் பிரீத்தி. இதில் 'நேபாளி' என்று அடிக்க ஜி, மூடும் சதுர அடைப்புக்குறி, கே, எப், என், பிறகு ஷிப்ட் உடன் எல் கீகளைத் தட்ட வேண்டும். பைலில் பதிவாவதும் இந்த ஆங்கிலக் குறிகளே. பாண்ட் அவற்றுக்கு தேவநாகரி உருவம் தருகிறது. நம் பாமினி பாண்ட் போலத்தான். பாண்ட் இல்லையென்றால் வேஷம் கலைந்துவிடும்.

யூனிகோட் முறையில் ஒவ்வொரு தேவநாகரி எழுத்துக்கும் தனி எண் உண்டு. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் நேபாளியாகவே தெரியும். தேடவும் அகர வரிசைப்படுத்தவும் முடியும். லலித்பூரில் உள்ள மதன் புரஸ்கார் புஸ்தகாலயம் இதற்கு இரண்டு கீபோர்டு அமைப்புகளைத் தந்தது. 2005ல் நேபாளினக்ஸ் என்ற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை வெளியிட்டதும் இந்த நூலகம்தான். நூலகம் செய்த வேலையைப் பாருங்கள்!

அவற்றில் டிரெடிஷனல் அமைப்பு, டைப்ரைட்டர் பழகியவர்களுக்கு. புதியவர்களுக்கு ரோமனைஸ்டு அமைப்பையே நான் சொல்வேன். கே கீயைத் தட்டினால் 'க'. ஷிப்ட் உடன் தட்டினால் அதே எழுத்தின் மூச்சொலி வடிவம். 'நேபாளி' என்று எழுத என், இ, பி, ஏ, எல், பிறகு ஷிப்ட் உடன் ஐ. கூட்டெழுத்து வேண்டுமானால் இடையில் சாய்கோட்டுக் கீ. அது தரும் ஹலந்தக் குறி நம் புள்ளி போன்றது.

விண்டோஸ் 10, 11 சிஸ்டங்களில் செட்டிங்ஸ் சென்று, டைம் அண்ட் லாங்குவேஜ் பிரிவில் நேபாளியைச் சேர்த்திடவும். விண்டோஸ் கீயுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். எந்தக் கீயில் எந்த எழுத்து என்று அறிய, ஆன்-ஸ்கிரீன் கீபோர்டைத் திறந்து வைத்துக் கொள்ளவும்.

பிரீத்தி பழகியவர்கள் தடுமாறுவது எழுத்து வரிசையில். 'தின' (நாள்) என்பதில் இகரக் குறி 'த'வுக்கு இடப்பக்கம் நிற்கும். பிரீத்தியில் அதை முதலில் அடிப்பார்கள். தமிழ் டைப்ரைட்டரில் நாம் கொம்பை முதலில் அடிப்பது போல. யூனிகோடில் 'த' முதலில், குறி பிறகு. 'கர்ம' என்பதில் 'ர்' கொக்கியாக 'ம' மேல் ஏறிக்கொள்ளும். பிரீத்தியில் அது கடைசியில். யூனிகோடில் உச்சரிக்கும் வரிசையிலேயே அடிக்க வேண்டும். இரண்டு நாள் கை முரண்டு பிடிக்கும்.

சரி, பழைய பைல்கள்? படிக்க மட்டும் என்றால் பிரீத்தி பாண்டை இன்ஸ்டால் செய்தால் போதும். நிரந்தரமாகக் காப்பாற்ற, பிரீத்தியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு எச்சரிக்கை. பைலில் நடுநடுவே ஆங்கிலச் சொற்களோ 1, 2, 3 என்ற எண்களோ இருந்தால் அவற்றையும் கன்வெர்ட்டர் நேபாளியாக்கிவிடும். பிரீத்தியில் 5 என்ற கீ ஓர் எழுத்து. நேபாளி எண் வேண்டுமானால் ஷிப்ட் உடன் தட்ட வேண்டும். எனவே ஆண்டு, போன் நம்பர், இமெயில் முகவரி உள்ள வரிகளைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்றவற்றை மாற்றவும். மாற்றிய பின் ஆண்டுகளையும் பெயர்களையும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவும். மூல பைலை அழிக்க வேண்டாம். சில அச்சகங்களில் இன்றும் பிரீத்தியில்தான் கேட்பார்கள்.