மிச்சம் எத்தனை கிரெடிட்?

அமெரிக்காவில் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் மாணவர், ஏற்கெனவே வாங்கிய கிரெடிட்டில் (பாடத்தின் எடையைக் குறிக்கும் புள்ளி) சராசரியாக 43 சதவீதத்தை இழக்கிறார். அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2017-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள மதிப்பீடு இது. 2004 முதல் 2009 வரை கல்லூரி மாறியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. லாப நோக்கில் நடக்கும் கல்லூரியிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போனவர்கள் பாடு இன்னும் மோசம்: 94 சதவீதம் போயிற்று. கட்டிய காசு திரும்புவதில்லை. அதே பாடத்துக்கு மறுபடி காசு கட்ட வேண்டும்.

கல்லூரியில் சேர்ந்து, பட்டம் வாங்காமலே வெளியேறியவர்கள் அங்கே மூன்றரைக் கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். பிள்ளை பிறந்திருக்கும், கடன் கழுத்தை நெரித்திருக்கும், சின்னதாக ஒரு வேலை கிடைத்திருக்கும். நாற்பது வயதில் பதவி உயர்வுக்குப் பட்டம் கேட்கும்போது, பழைய மதிப்பெண் பட்டியலைத் தூசி தட்டி ஆன்லைன் பல்கலைக்கழகம் தேடுவார்கள். விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது, ஒரு கிரெடிட்டுக்கு எத்தனை டாலர் என்பது. சறுக்கல் அங்கேதான் ஆரம்பம்.

அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். உங்கள் கையில் 75 இருக்கிறது என்று வையுங்கள். முதல் பல்கலைக்கழகம் கிரெடிட்டுக்கு 250 டாலர் கேட்கிறது, ஆனால் 45-ஐத்தான் ஒப்புக்கொள்கிறது. மிச்சம் 75 கிரெடிட். செலவு 18,750 டாலர். இரண்டாவது 330 டாலர் கேட்கிறது, 75-ஐயும் எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 45; செலவு 14,850 டாலர். விலை கூடியதுதான் சல்லிசாக முடிகிறது. படிக்கும் காலமும் ஒரு வருடத்துக்குக் கிட்டக் குறைகிறது.

‘எல்லாக் கிரெடிட்டையும் ஏற்றுக்கொள்கிறோம்’ என்ற வாக்கியத்தை நம்பியும் காசு கட்டிவிடக் கூடாது. ஏற்பது வேறு, பட்டத்துக்குக் கணக்கில் எடுப்பது வேறு. காமர்ஸ் படித்தவர் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கு மாறினால், பழைய அக்கவுண்டிங் பாடங்கள் ‘விருப்பப் பாடம்’ என்ற தலைப்பின் கீழ் போய் உட்காரும். அந்தத் தலைப்பில் இருபது கிரெடிட்டுக்குத்தான் இடமென்றால், மீதி பட்டியலில் அழகாகத் தெரியும், ஒன்றுக்கும் உதவாது. மூன்றாம், நான்காம் ஆண்டு நிலைப் பாடங்கள் இத்தனை வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். கடைசி 30 கிரெடிட்டையாவது எங்களிடம்தான் படிக்க வேண்டும் என்று பல இடங்களில் இன்னொரு விதி. ஆங்கிலத்துக்கும் வரலாற்றுக்கும் வயதாவதில்லை. கம்ப்யூட்டருக்கும் நர்சிங்குக்கான அறிவியல் பாடங்களுக்கும் வயது பார்ப்பார்கள். ‘டி’ கிரேடு பெரும்பாலும் செல்லாது. பழைய கல்லூரி வருடத்தை செமஸ்டராகப் பிரிக்காமல் குவார்ட்டராகப் பிரித்திருந்தால், அங்கே வாங்கிய மூன்று கிரெடிட் இங்கே இரண்டுதான். ஒரே ஒரு ஆறுதல்: பெரும்பாலும் கிரெடிட் மட்டும்தான் வரும், பழைய சராசரி மதிப்பெண் கூடவே வராது. பதினெட்டு வயதில் கோட்டை விட்டவருக்கு இது வரம்.

ஆகவே கேட்க வேண்டியது ஒன்றுதான். என்னுடைய ஒவ்வொரு பழைய பாடமும் உங்கள் பட்டத்தில் எந்த இடத்தில் உட்காருகிறது என்று எழுத்தில் தாருங்கள். சேருவதற்கு முன்பே இதை இலவசமாகச் செய்து தரும் பல்கலைக்கழகங்கள் உண்டு. ‘முதலில் சேருங்கள், பிறகு பார்க்கலாம்’ என்று சொல்லும் இடத்தை, கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் ஒதுக்கிவிடுவேன். (போன் நம்பரை மட்டும் யோசித்துக் கொடுங்கள். சேர்க்கை ஆலோசகர்கள் விடமாட்டார்கள்.)

பழைய கிரெடிட்டைச் சேர்த்துப் பட்டமாக்கவென்றே பிறந்த நிறுவனங்கள் மூன்று. நியூயார்க்கின் எக்ஸெல்சியர் 1971-இல் தொடங்கியது, நியூஜெர்சியின் தாமஸ் எடிசன் மாநிலப் பல்கலைக்கழகம் 1972-இல், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் 1973-இல். வெளியிலிருந்து கொண்டுவரும் கிரெடிட்டில் மற்றவர்களைவிட இவை மிகவும் தாராளம். மற்றவற்றில், சதர்ன் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகம் 90 கிரெடிட் வரை ஏற்கிறது.

மேற்கு மாநில ஆளுநர்கள் சேர்ந்து 1997-இல் தொடங்கிய வெஸ்டர்ன் கவர்னர்ஸ் பல்கலைக்கழகம் வேறு ரகம். கிரெடிட் கணக்கில் காசு இல்லை. ஆறு மாதத்துக்கு இவ்வளவு என்று ஒரே தொகை, அதற்குள் எத்தனை பாடம் வேண்டுமானாலும் முடிக்கலாம். வேலை பார்த்துப் பழகிய துறையையே படிப்பவர் ஓட்டமாக ஓடி லாபம் பார்ப்பார். இழுத்து இழுத்துப் படிப்பவருக்கு இதுவே நஷ்டம். ஏ, பி என்று கிரேடு கிடையாது, தேர்ச்சி மட்டும்தான். மேற்படிப்பு எண்ணம் இருப்பவர் அதையும் யோசிக்க வேண்டும்.

அங்கீகாரத்தைப் பொறுத்தவரை, ‘பிராந்திய’, ‘தேசிய’ என்று இருந்த பிரிவை 2020 ஜூலையில் அமெரிக்கக் கல்வித் துறை காகிதத்தில் நீக்கிவிட்டது. பல்கலைக்கழகங்களின் பழக்கம் மாறவில்லை. பழைய பிராந்திய அமைப்புகளின் முத்திரை இல்லாத கிரெடிட்டை இன்றும் பலர் தொடமாட்டார்கள். கல்வித் துறையின் தரவுத் தளத்தில் நீங்கள் சேரப்போகும் இடத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

செலவைக் குறைக்க மூன்று வழி. முதலாவது, 1967 முதல் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்தும் கிளெப் தேர்வு. அதில் தேறினால், வகுப்பில் உட்காராமலே ஏறக்குறைய நூறு டாலருக்கு ஒரு பாடம் கழிந்துவிடும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு அமைப்பின் இலவசப் பாடத்தை முடித்தால் தேர்வுக் கட்டணத்தை அவர்களே தருகிறார்கள். இரண்டாவது, கட்டணம் குறைந்த கம்யூனிட்டி காலேஜில் சில பாடங்கள். மூன்றாவது, முதலாளியின் பணம்: ஆண்டுக்கு 5,250 டாலர் வரை நிறுவனம் தரும் கல்வி உதவிக்கு வருமான வரி இல்லை. ஸ்டார்பக்ஸ் தன் ஊழியர்களுக்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் பட்டத்துக்கு 2014 முதல் கைகொடுக்கிறது.

ஊரில் டிகிரியைப் பாதியில் விட்டு, கணவரோ மனைவியோ எச்-1பி விசாவில் இருக்க, எச்-4 விசாவில் அங்கே போன தமிழர்கள் நிறைய. அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் அமெரிக்க அரசின் கல்வி உதவித்தொகை கிடையாது. முழுச் செலவும் கைக்காசு என்பதால், மேலே சொன்ன கணக்கு இவர்களுக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து டிரான்ஸ்கிரிப்ட் வாங்கி, வெளிநாட்டுச் சான்றுகளை மதிப்பிடும் நிறுவனங்களின் கூட்டமைப்பான நேசஸின் உறுப்பு நிறுவனம் ஒன்றில் பாடவாரியாக மதிப்பீடு செய்ய வேண்டியிருக்கும். தேறிய பாடங்களுக்குத்தான் மதிப்பு, அரியர் அரியர்தான். எந்த நிறுவனத்தின் மதிப்பீட்டை ஏற்பார்கள் என்று, சேரப்போகும் இடத்தில் கேட்டுவிட்டு அப்புறம் காசு கட்டுங்கள். இந்தியா திரும்பி அரசு வேலைக்கோ மேற்படிப்புக்கோ போகும் எண்ணம் இருந்தால், வெளிநாட்டு ஆன்லைன் பட்டத்துக்கு இங்கே சமநிலைச் சான்று கிடைக்குமா என்று சேருவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.