வீட்டுத்தோட்டத்தில் ஆனைக்கொய்யா: இனத்தெரிவு

ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்திலுள்ள கண்டிப் பகுதியில் ஆனைக்கொய்யா எனப்படும் அவகாடோ நன்கு வளரும். எனினும், தனித்து நிற்கும் மரம் நிறையப் பூத்தும் காய் பிடியாதிருப்பதுண்டு. பூவின் இயல்பே இதற்குக் காரணமாம். ‘ஏ’ வகுப்பு இனங்களின் பூ காலையில் பெண்பூவாகவும், மறுநாட் பிற்பகலில் ஆண்பூவாகவும் விரியும். ‘பி’ வகுப்பில் பிற்பகலில் பெண்பூவாகவும், மறுநாட் காலையில் ஆண்பூவாகவும் விரியும். ஆகவே சிம்மன்ட்ஸ், ஹாஸ் போன்ற ‘ஏ’ இனமொன்றுடன் பொலக், புவேட்டே போன்ற ‘பி’ இனமொன்றையும் நடுதல் வேண்டும். அயல் வளவில் மற்றை வகுப்பு மரம் நிற்பின் ஒன்றே போதும். மகரந்தத்தைத் தேனீக்கள் கொண்டு சேர்க்கும்.

விதைக்கன்று தாய்மரத்தை ஒத்திராது, காய்க்கவும் தாமதிக்கும். ஒட்டுக்கன்றே சிறந்தது. நீர் தேங்கும் வயலோரத்தில் வேர் அழுகுமாதலால், வடிகாலுள்ள மேட்டுநிலத்தில், ஒட்டிய இடம் மண்ணுக்கு மேல் நிற்குமாறு நடுக.