போர்வை உருவும் மாதம்

மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் வடகிழக்கில், கனடாவை ஒட்டிக் கிடக்கும் வெர்மாண்ட் மாநிலத்தில் பனி இன்னும் முழுதாகக் கரைந்திருக்காது. பகல் வெயிலில் மண்சாலை சேறாகும். ராத்திரி அந்தச் சேறே கல்லாக இறுகும். மேப்பிள் மரத்தில் சாறு இறக்கிப் பாகு காய்ச்சுகிற பருவமும் இதுதான். இந்தக் குளிரில் அங்குள்ள சின்ன ஆட்டுப்பண்ணைக்காரர்கள் செய்யும் ஒரு வேலை, பார்க்கிறவருக்குக் கொடுமையாகத் தோன்றும். குட்டி போட இன்னும் நாலைந்து வாரமே இருக்கும் சினையாடுகளைப் பிடித்து, உடம்பில் உள்ள கம்பளி மொத்தத்தையும் கத்தரித்து எடுத்துவிடுவார்கள்.

பிள்ளைத்தாய்ச்சியின் போர்வையை மார்கழியில் உருவுகிற மாதிரி இருக்கிறதே என்று கேட்கத் தோன்றும். ஆனால் இது அந்த ஆடுகளின் நன்மைக்கும், இன்னும் பிறக்காத குட்டிகளின் நன்மைக்கும் செய்வது.

நமக்கு இந்தக் காட்சி பழக்கமில்லாததற்குக் காரணம் உண்டு. மேச்சேரி, வேம்பூர், சென்னைச் சிவப்பு என்று தமிழ்நாட்டில் வளரும் செம்மறி இனங்களில் பெரும்பாலானவற்றுக்கு மேலே இருப்பது குட்டை முடிதான், கம்பளி அல்ல. கோயம்புத்தூர்க் குறும்பை, திருச்சிக் கறுப்பு, நீலகிரி போன்ற சிலவற்றுக்கே கத்தரிக்க ஏதாவது இருக்கும். குளிர்நாட்டு ஆடு அப்படியில்லை. காட்டுச் செம்மறி வசந்தம் வந்தால் தானாகவே உரோமத்தை உதிர்த்துவிடும். கம்பளிக்காகவே ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததில் அந்த உதிரும் குணம் போய்விட்டது. இப்போது கம்பளி வளர்ந்துகொண்டே இருக்கும், யாராவது கத்தரிக்கும் வரை. நியூசிலாந்தில் ஷ்ரெக் என்று பெயர் வாங்கிய ஒரு மெரினோ கிடா ஆறு ஆண்டுகள் மனிதர் கண்ணில் படாமல் குகைகளில் ஒளிந்து திரிந்து, 2004இல் பிடிபட்டது. அதன் மேலிருந்து இறங்கிய கம்பளி 27 கிலோ. 2015இல் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கு அருகே அகப்பட்ட இன்னொரு ஆடு 40 கிலோவுக்கு மேல் சுமந்துகொண்டிருந்தது. ஆக, கத்தரிப்பதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை. எப்போது கத்தரிப்பது என்பதுதான் கேள்வி.

வெர்மாண்டை எடுத்துக்கொண்டதற்கும் காரணம் இருக்கிறது. ஒருகாலத்தில் அது ஆட்டு நாடு. ஸ்பெயின் வெளியே விடாமல் பொத்திப் பொத்திக் காத்த மெரினோ மந்தைகள் நெப்போலியன் படையெடுப்பில் சிதறியபோது, லிஸ்பனில் அமெரிக்கத் தூதராக இருந்த வில்லியம் ஜார்விஸ் ஆயிரக்கணக்கில் வாங்கிக் கப்பலேற்றினார். அதில் ஒரு மந்தையோடு 1811இல் வெர்மாண்டின் வெதர்ஸ்ஃபீல்டில் வந்து குடியேறினார். 1840இல் அங்கே ஆடுகள் ஏறத்தாழ 17 லட்சம். மனிதர்கள் 3 லட்சம்கூட இல்லை. காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்கி, பொறுக்கிய கற்களால் எழுப்பிய எல்லைச் சுவர்கள் இன்று மறுபடி முளைத்துவிட்ட காட்டுக்குள் எதையும் பிரிக்காமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. இறக்குமதி வரி குறைந்ததும், மேற்கே மலிவான மேய்ச்சல் நிலம் திறந்ததும் அந்தத் தொழிலைச் சாய்த்துவிட்டன. மிச்சமிருந்தவர்கள் இனவிருத்திக் கிடாக்களை விற்றுப் பிழைத்தார்கள். தோல் பரப்பு கூடினால் கம்பளியும் கூடும் என்று மடிப்பு மடிப்பாகத் தோல் தொங்கும் மெரினோவை உருவாக்கி, ஆஸ்திரேலியா வரை அனுப்பினார்கள். அந்த மடிப்புகளில் ஈ முட்டையிட்டுப் புழுவைத்து, ஆஸ்திரேலியர்கள் பட்ட பாடு தனிக்கதை. இன்றைக்கு வெர்மாண்டில் இருப்பவை பெரும்பாலும் சின்னப் பண்ணைகள்தான். இருபது, முப்பது ஆடு, ஒரு மரக்கொட்டில், கொஞ்சம் காய்ந்த புல்.

கத்தரிக்கும் நாளுக்கு முதல் நாளே ஆடுகளைக் கூரைக்குள் அடைத்துவிட வேண்டும். நனைந்த கம்பளியைக் கட்டிவைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தீனியும் முதல் நாளோடு நிறுத்தம். வயிறு நிறைந்த ஆட்டை உட்காரவைத்து மடக்கினால் அதற்கு மூச்சு முட்டும். சினையாடு என்பதால் ரொம்ப நேரம் பட்டினி போடவும் கூடாது. வெள்ளை ஆடுகளை முதலில் கத்தரித்து, கறுப்பும் பழுப்பும் கடைசியில். வெள்ளைக் கம்பளிக்குள் நாலு கறுப்பிழை கலந்தால் சாயம் தோய்க்கிறவர் வாங்கமாட்டார்.

கத்தரிப்பவர் பெரும்பாலும் ஊர் ஊராகப் போகிற தொழில்காரர். அவர் செய்யும் முதல் காரியம் ஆட்டைப் பின்புறத்தில் உட்காரவைப்பது. நாலு காலும் தரையில் பாவாமல் போனதும் ஆடு உதைப்பதை விட்டுவிடும். தொழில்காரரின் முழங்கால்களுக்கு நடுவே, சாய்வு நாற்காலியில் அமர்ந்த பெரியவர் போல் சாய்ந்துகொள்ளும். அவர் கையில் இருக்கும் கருவி நம் சலூன் மிஷினுக்கு அண்ணன். கீழே அசையாத அகலச் சீப்பு. அதன்மேல் இடம்வலமாக ஓடும் நாலு முனை வெட்டுத்தகடு. மேலே தொங்கும் மோட்டாரிலிருந்து வளையும் தண்டு வழியாக விசை. சீப்பின் பற்கள் தோலை ஒட்டி வழுக்கிக்கொண்டு போகும். பற்களுக்கிடையே நுழைந்த இழைகளைத் தகடு அறுக்கும். சினையாட்டின் மேல் கொஞ்சம் கம்பளி மிஞ்சவேண்டும் என்பதால், தோலுக்கும் தகட்டுக்கும் இடையே சற்றே உயரம் விடுகிற தடித்த சீப்பைக் குளிர்காலத்துக்கென்றே வைத்திருக்கிறார்கள். சிலர் இன்னும் பழைய கைக்கத்தரியையே பிடிக்கிறார்கள். அதுவும் கூடுதலாகவே மிச்சம் வைக்கும்.

இந்த மிஷினுக்கு ஆஸ்திரேலியாவில் 1877இல் காப்புரிமை வாங்கியவர் ஃப்ரெட்ரிக் வூல்ஸ்லி. அவருடைய ஆட்டுக் கத்தரிப்பு இயந்திரக் கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஆஸ்டின்தான் பிற்பாடு தன் பெயரில் கார் கம்பெனி தொடங்கினார். ஒருகாலத்தில் நம் ஊர்ச் சாலைகளிலும் ஓடிய ஆஸ்டின் காரின் பூர்வீகம் ஆட்டுக்கொட்டில்! மிஷின் வந்ததும் கைக்கத்தரிக்காரர்கள் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. 1892இல் ஜாக் ஹோவ் என்பவர் குயின்ஸ்லாந்தில் ஒரே நாளில், எட்டு மணி நேரத்துக்கும் குறைவாக, கைக்கத்தரியால் 321 ஆடுகளைக் கத்தரித்துக் காட்டினார்.

வேகத்தின் ரகசியம் கருவியில் இல்லை, ஆட்டைத் திருப்பும் முறையில் இருக்கிறது. இதைத் தெளிவான பாடமாக வகுத்தவர்கள் நியூசிலாந்தின் போவன் சகோதரர்கள். முதலில் வயிறு. பெட்டையாடு என்றால் காம்புகளை இடதுகையால் மூடிக்கொண்டுதான் அங்கே மிஷின் போகும். ஒரு காம்பு வெட்டுப்பட்டால் ஒரு குட்டிக்குப் பால் போயிற்று. பிறகு தொடை, தலை, கழுத்து, இடது தோள். அப்புறம் ஆட்டைக் கிடத்தி, வாலடியிலிருந்து தலை வரை முதுகெலும்போடு நீளமாக ஓர் இழுப்பு. இன்னொரு பக்கமாகத் திருப்பி இறங்கினால் முடிந்தது. வெட்டுகிற கையைவிடத் தோலை இழுத்துப்பிடிக்கும் கைக்குத்தான் வேலை அதிகம். தோல் சுருங்கிய இடத்தில்தான் காயம் படும். ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டக்கூடாது. ஓட்டினால் அரை அங்குலத் துண்டுகள் கலந்து நூல் முடிச்சு முடிச்சாக வரும். தேர்ந்த ஆளுக்கு இரண்டு மூன்று நிமிஷம். கம்பளி ஒரே துண்டாக, சட்டையைக் கழற்றிப் போட்ட மாதிரி தரையில் கிடக்கும். நாள் முழுக்க ஆட்டின் கம்பளிக் கொழுப்பு படிவதால் தொழில்காரரின் உள்ளங்கை பூவாக இருக்குமாம். இடுப்பைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

கம்பளி இறங்கியதும் பண்ணைக்காரர் முதலில் பார்ப்பது கம்பளியை அல்ல, ஆட்டை. அத்தனை நாளும் கொழுத்ததாகத் தெரிந்தது உள்ளே எலும்பும் தோலுமாக நிற்கலாம். முதுகெலும்பைத் தடவி, முனை எவ்வளவு கூர்மையாகத் தட்டுப்படுகிறது என்பதை வைத்து ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு மதிப்பெண். மூன்றை ஒட்டி இருந்தால் நிம்மதி. ஆடு கையில் இருக்கும்போதே குளம்பு சீவுவது, கண்ணிமையைப் புரட்டி ரத்தச்சோகை பார்ப்பது, மடியைத் தொட்டுப்பார்ப்பது எல்லாம் முடிந்துவிடும். துள்ளுமாரிக்கும் ஜன்னிக்கும் தடுப்பூசியும் இந்தச் சமயத்தில்தான். அது தாய்க்கு என்பதைவிடக் குட்டிக்கு. செம்மறியின் நஞ்சுக்கொடி வழியாக நோயெதிர்ப்புப் பொருள் குட்டிக்குப் போகாது. எல்லாம் சீம்பாலில்தான் போய்ச் சேரவேண்டும். நாலு வாரம் முன்னால் ஊசி போட்டால் சீம்பால் சுரக்கும் நேரத்துக்கு ரத்தத்தில் சரக்குத் தயாராக இருக்கும்.

சரி, இதையெல்லாம் வெயிற்காலத்தில் செய்தால் என்ன? சில இனங்களுக்கு அப்படித்தான் செய்கிறார்கள். சினையில் கத்தரிப்பவர்களிடம் கேட்டால் காரணங்களை அடுக்குவார்கள். முழுக் கம்பளியோடு முப்பது ஆடு ஒரு கொட்டிலில் படுத்தால் ஈரமும் மூத்திர நெடியும் சேர்ந்து குட்டிகளுக்கு நெஞ்சுச்சளி வரும். கத்தரித்த ஆடு குளிருக்கு ஈடுகட்ட அதிகமாகத் தின்னும். பிரசவமும் பால் சுரப்பும் உடம்பை உறிஞ்சும்போது வளர்கிற இழை மெலிந்துபோகும். அந்த மெலிவு கம்பளியின் நடுவில் விழுந்தால் நூற்கும்போது பட்டென்று அறும். நூற்பவர்கள் ஒரு சிறு கற்றையின் இரு முனையையும் பிடித்துக் காதருகே வெடுக்கென்று இழுத்துப்பார்ப்பார்கள். நல்ல கம்பளி தந்தி மாதிரி ஒலிக்கும், கெட்டது முறியும். பிரசவத்துக்குச் சற்று முன்னால் கத்தரித்துவிட்டால் மெலிவு அடுத்த கம்பளியின் நுனியோடு போய்விடும். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது; அதற்குக் குட்டி பிறக்கவேண்டும்.

சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். நவம்பரில் கிடா சேர்ந்தால் ஏப்ரலில் ஈற்று. வயிற்றுக்குள் குட்டியின் எடையில் எழுபது சதவீதம் கடைசி ஆறு வாரத்தில் ஏறுகிறது. அதே ஆறு வாரத்தில், இரட்டைக்குட்டி என்றால், கருப்பை தீனிப்பையை நெருக்கி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தேவை கூடுகிறது, கொள்ளளவு குறைகிறது. புல்லை மட்டும் போட்டால் தாய் தன் கொழுப்பைக் கரைத்து ஈடுகட்டப் பார்க்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கீட்டோன் ஏறி, தலை தொங்கி, குருடு போல நின்று செத்துப்போகும். அதனால்தான் இந்த வாரங்களில் மக்காச்சோளம், ஓட்ஸ் என்று அடர்தீவனம் சேர்ப்பது. தாராளமாக அள்ளிவிட்டால் குட்டி பெருத்து வழியில் மாட்டிக்கொள்ளும். தாது உப்பிலும் கவனம் வேண்டும். மாட்டுக்கு வாங்கியதை ஆட்டுக்கு வைத்தால் அதிலுள்ள தாமிரம் செம்மறிக்கு விஷம்.

கொட்டிலில் ஆறடிக்கும் குறைவான சின்னச் சின்ன அடைப்புகள் தயாராகும். ஈன்ற தாயும் குட்டிகளும் ஒன்றிரண்டு நாள் தனியாக இருக்க. ஆடு கூட்டத்தை விட்டு ஒதுங்கி, முன்னங்காலால் தரையைச் சுரண்டினால் நேரம் வந்துவிட்டது. முன்னங்கால் இரண்டும் அவற்றின் மேல் மூக்கும், நீருக்குள் பாய்கிறவன் மாதிரி வந்தால் கை வைக்கவே தேவையில்லை. பிறந்ததும் செய்யவேண்டியதை அங்கே எதுகையோடு மூன்று சொல்லில் மனப்பாடம் செய்து வைத்திருப்பார்கள். நம் மொழியில் சொன்னால்: நறுக்கு, முக்கு, பீச்சு. தொப்புள்கொடியை நறுக்கு, அயோடினில் முக்கு, காம்பு ஒவ்வொன்றையும் ஒரு முறை பீச்சி, அடைத்திருக்கும் மெழுகை எடு. மூன்றாவதை மறந்ததால் நிறைந்த மடிக்குக் கீழே பட்டினி கிடந்த குட்டிகள் உண்டு. இந்தக் கொட்டில்களுக்குக் கர்ப்பிணிப் பெண்கள் போகக்கூடாது. ஈற்று நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கும் சில கிருமிகள் மனிதக் கருவையும் கலைக்கும்.

ஈரமாக விழுந்த குட்டிக்குச் சொந்தமாக இருப்பது பெரும்பாலும் சிறுநீரகத்தைச் சுற்றி உள்ள கொஞ்சம் பழுப்புக் கொழுப்பு. அது எரிந்து சூடு தரும், சில மணி நேரத்துக்கு. அதற்குள் சீம்பால் உள்ளே போகவேண்டும். குட்டி நிற்கத் தொடங்கியதும் தாயின் அடிவயிற்றோரம் முட்டி முட்டி, வெதுவெதுப்பான, மயிரில்லாத இடத்தைத் தேடும். முழுக் கம்பளி இருந்தால் தொங்கும் அழுக்குச் சடையைக் காம்பென்று நினைத்துச் சப்பிக்கொண்டு நிற்கும். கத்தரித்த வயிற்றில் அந்தக் குழப்பம் இல்லை.

மூன்றாம் நாள் அடைப்பைத் திறந்து வெளியே விடுவார்கள். ஏப்ரல் சாயங்காலம், மழையும் பனியும் கலந்து சாய்வாக அடிக்கும். அடர்ந்த கம்பளிக்குள் இருக்கும் ஆட்டுக்கு அது உறைக்காது; காய்ந்த புல்லைக் கடித்துக்கொண்டு வெட்டவெளியிலேயே நிற்கும், காலடியில் குட்டி விறைத்துக்கொண்டிருக்கும். கத்தரித்த ஆட்டுக்கு முதுகில் ஒரு விரற்கடைகூட இன்னும் வளர்ந்திருக்காது. முதல் சாரல் பட்டதும் அதற்கே உடம்பு சிலிர்க்கும். தலையை நிமிர்த்தும், ஒரு முறை கனைக்கும், கொட்டிலைப் பார்த்து நடக்கும். பின்னாலேயே இரண்டு குட்டிகள்.