பிள்ளை பெற்றவள் ஏன் அழுகிறாள்?

போன வருஷம் என் அக்கா மகளுக்குத் தலைப்பிரசவம். ஐந்து வாரம் கழித்துத்தான் என்னால் பார்க்கப் போக முடிந்தது. நானும் முதலில் தொட்டிலைத்தான் எட்டிப் பார்த்தேன். பெற்றவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பத்தியச் சாப்பாடு தட்டில் அப்படியே இருந்தது. "எப்பப் பார்த்தாலும் அழுகை. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்குப் பொறுமையே இல்லை" என்றாள் அக்கா.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷத்துக்கு முன் நானும் அப்படித்தான் கிடந்தேன். 'திமிர்' என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

பிரசவமான மூன்றாம், நான்காம் நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். கர்ப்பத்தில் ஏறியிருந்த ஹார்மோன்கள் சடாரென்று இறங்கிவிடுகின்றன, தூக்கமும் கிடையாது. இரண்டு வாரத்துக்குள் இது தானாகச் சரியாகிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை தூங்கினாலும் தாய்க்குத் தூக்கம் வராது. பசிக்காது. எதிலும் பிடிப்பு இருக்காது. 'குழந்தை மேல் பாசம் வரவில்லையே' என்று மனசு அரிக்கும். 'நான் இல்லாமல் போனால் தேவலை' என்றுகூடத் தோன்றும். சிலருக்குச் சில மாதம் கழித்தும் இது வரும்.

அன்று இரவு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "இப்படி என்னை யாருமே கேட்கலை சித்தி" என்று உடைந்து அழுதாள்.

மறுநாளே பிரசவம் பார்த்த டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனோம். பத்துக் கேள்விகள் கொண்ட தாளில் பதில் குறிக்கச் சொன்னார். ரத்தசோகை, தைராய்டு இருக்கிறதா என்றும் பரிசோதித்து, மனநல மருத்துவரிடம் அனுப்பினார். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு என்று அவர் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு மூச்சு வந்தது. மாத்திரையை நாமாக நிறுத்தக்கூடாது என்றும் எச்சரித்தார்.

வீட்டிலும் சில மாற்றங்கள் செய்தோம். எடுத்து வைத்த பாலை ராத்திரி ஒரு வேளை மாப்பிள்ளையே பாலாடையில் புகட்டினார். அவள் நான்கைந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கினாள். சாயங்காலம் கொஞ்ச தூரம் நடக்கவைத்தோம். நாலு மாதத்தில் பழைய சிரிப்பு திரும்பியது.

ஒன்று முக்கியம். இல்லாத குரல் கேட்கிறது என்றாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தனக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வந்தாலோ தாயைத் தனியே விடாதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மனசு விட்டுப் பேச, 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும்.

இனி பிள்ளை பார்க்கப் போனால், தொட்டில் பக்கம் போகும் முன் பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.