வைர விலை ஜாபிதாவும் வாங்குவோரும்

வைரம் வாங்கச் செல்வோர் சிலர் இக்காலத்தில் ராப்பபோர்ட் விலை ஜாபிதாவை வேதவாக்காகக் கொள்கின்றனர். "ஜாபிதா விலையில் நூற்றுக்கு இருபது கழித்துத் தருகிறோம்" என்று கடைக்காரர் சொன்னவுடன், பெரும் லாபம் கிட்டியதாக எண்ணி அகமகிழ்கின்றனர். இம்மகிழ்ச்சிக்கு ஆதாரம் சொற்பமே என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஜாபிதாவை நியூயார்க்கில் 1978-ம் வருஷம் தொடங்கியவர் மார்ட்டின் ராப்பபோர்ட் என்னும் வியாபாரி. நிறம், தெளிவு, எடை ஆகிய மூன்றையும் கொண்டு, காரட் ஒன்றுக்கு இத்தனை நூறு டாலர் என்று அதில் வாரந்தோறும் விலை குறிக்கப்படுகிறது. ஆனால் அவை விற்பவர் கேட்கும் உயர்ந்த விலைகளேயன்றி, கைமாறிய விலைகளல்ல. வியாபாரிகள் இதனை நன்கறிவர். ஜாபிதாவிலிருந்து இத்தனை கழிவு என்றே தமக்குள் பேரம் முடிக்கின்றனர். ஜாபிதா விலை 6,000 டாலர் என்றும், வியாபாரிகளிடையே அக்கல் நூற்றுக்கு நாற்பது கழிவில் விலைபோவதாகவும் வைத்துக்கொள்வோம். அங்கே 3,600 டாலருக்குக் கிடைப்பதை, நம்மவர் 4,800 கொடுத்து வாங்கி, மலிவு என்று வீட்டில் சொல்லிக்கொள்கிறார்!

ஜாபிதாவின் கட்டங்களும் பூரணமானவையல்ல. பட்டை தீட்டிய நேர்த்திக்கு அவற்றில் தனி இடமில்லை; கல்லின் ஒளியோ பெரும்பாலும் அந்த நேர்த்தியையே பொறுத்தது. 0.99 காரட் ஒரு கட்டம், 1.00 காரட் மறு கட்டம். கண்ணுக்குப் புலப்படாத இவ்வித்தியாசத்தால் விலை தாவுகிறது. நீல ஒளி வீசும் கல்லுக்கு அயல்நாட்டுச் சந்தையில் பெரும்பாலும் விலை குறைப்பர். நம் தென்னாட்டிலோ ப்ளூ ஜாகர் கம்மலுக்கென்று தனி மதிப்பு இருந்து வருகிறது.

ஒருவர் பேனா குறிக்கும் விலைக்கு உலகச் சந்தை கட்டுப்படலாமா என்ற வழக்கும் பழையதே. கொரோனா பரவிய 2020 மார்ச்சில் ஜாபிதா விலைகள் ஒரேயடியாகக் குறைக்கப்பட்டபோது இந்திய வியாபாரிகள் கொதித்தெழுந்தனர். பலர் தம் கற்களை அவருடைய வர்த்தகத் தளத்திலிருந்து விலக்கிக்கொண்டனர். வைரத்திலேயே புழங்குவோர் ஒப்பாத அளவுகோலை, வாழ்நாளில் ஓரிரு முறை வாங்குவோர் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது தகுமா?

ஆய்வுக்கூடத்தில் விளைவித்த வைரத்தின் சங்கதி இதனினும் விபரீதம். 2018-ல் டி பியர்ஸ் கம்பெனியே அத்தகைய கற்களைக் காரட் 800 டாலர் வீதம் விற்க முன்வந்தது. அவற்றுக்குப் பூமியில் விளைந்த கல்லின் ஜாபிதாவைக் காட்டி, "நூற்றுக்கு எண்பது கழிவு" என்று சொல்வது வெறும் கண்கட்டு வித்தை.

ஜாபிதாவைக் கிழித்தெறியுமாறு நாம் கூறவில்லை. விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்றறிய அது உதவும். எனினும் பணத்தை எடுக்குமுன், நம்பகமான நற்சாட்சிப் பத்திரத்துடன் கூடிய ஒரே தரக் கல்லுக்கு நாலைந்து கடைகளில் விலை கேட்க வேண்டும். திரும்பக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்பதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். எழுத மறுக்கும் கடைக்காரரிடம் கழிவைப் பற்றி மேற்கொண்டு பேசுவதற்கு ஒன்றுமில்லை.