முதலில் சாப்பாட்டுக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள்

மண்டபம் பார்க்கப் போகிறவர்களை மேனேஜர் நேரே மேடைக்குத்தான் அழைத்துப் போவார். எல்லா விளக்கையும் போடுவார், ஏசியைப் போடுவார், “எவ்வளவு பேர் ஏறி நின்னாலும் போட்டோவில் நெரிசல் தெரியாது சார்” என்பார். கல்யாணப் பெண் செல்போனில் நாலு படம் எடுத்துத் தோழிகளுக்கு அனுப்புவாள். அப்பா வாடகை கேட்பார். அட்வான்ஸ் கைமாறிவிடும். சாப்பாட்டுக் கூடத்தையும் சமையல்கட்டையும் அந்தக் குடும்பம் ஒழுங்காகப் பார்ப்பது முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம்தான்.

என்னைக் கேட்டால், வரிசையைத் தலைகீழாக மாற்றச் சொல்வேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மேடையில் இருப்பது, மொய்க் கவரைக் கொடுத்துப் படத்துக்கு நிற்கும் அரை நிமிடம். பந்தியில் இருப்பது அரை மணி நேரம். ஊருக்குப் போய்ப் பேசுவதும் அதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 பேர் உட்காரும் கூடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலை போட்டு, பரிமாறி, சாப்பிட்டு எழுந்து, மேஜையில் விரித்த தாளைச் சுருட்டி, அடுத்த இலை விழ 40 நிமிடம் ஆகும். ரிசப்ஷன் ஆறரைக்கு என்று பத்திரிகையில் அச்சடித்தாலும், ஆபீஸ் முடிந்து வருகிற கூட்டம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள்தான் வந்து இறங்கும். அந்த ஒன்றரை மணி நேரத்தில் இரண்டு பந்தி போகும், இழுத்துப் பிடித்தால் மூன்றாவது தொடங்கும். 800 பேர் வந்திருந்தால் பாதிப் பேர் நிற்கிறார்கள். எங்கே நிற்கிறார்கள்? சாப்பிடுகிறவர் நாற்காலிக்குப் பின்னால். சாய்மானத்தில் ஒரு கை, இடுப்பில் குழந்தை, பார்வை முழுக்க அவர் இலை மேல். ரசம் வருவதற்குள் அந்தப் பெரியவர் கூச்சப்பட்டு மோருக்குத் தாவிவிடுவார். பத்து வகைப் பொரியல் போட்டு என்ன பிரயோஜனம்?

விளம்பரத்தில் ‘1000 பேர் கொள்ளளவு’ என்று இருந்தால் அது பெரும்பாலும் மேடைக்கு எதிரே போடும் நாற்காலிக் கணக்கு. நீங்கள் கேட்க வேண்டியது வேறு: ஒரே பந்தியில் எத்தனை இலை? வரப்போகும் கூட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்காவது இடம் இல்லையென்றால் வேறு மண்டபம் பாருங்கள். சாப்பாட்டுக் கூடம் தரைக்குக் கீழேயோ மாடியிலோ இருந்தால், லிஃப்டில் ஒருமுறை ஏறி இறங்கிப் பாருங்கள். முழங்கால் வலி இல்லாத அத்தை எந்தக் குடும்பத்தில் இருக்கிறார்? கீழே சமையல், மேலே பந்தி என்றால் சாம்பார் வாளி எந்தப் படியில் ஏறுகிறது என்றும் கேளுங்கள். சாப்பிட்டு இறங்குகிறவர்களும் அதே படியில்தான் என்றால் பட்டுப் புடவைகளின் கதி உங்களுக்கே புரியும்.

இதையெல்லாம் மண்டபத்துக்காரரிடம் கேட்பதைவிட சமையல் காண்டிராக்டரிடம் கேட்பது மேல். எந்த மண்டபத்தில் ராத்திரி பத்து மணிக்குக் குழாயில் தண்ணீர் நின்றுபோகும், எந்தச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் சாக்கடை அடைத்துக்கொள்ளும் என்பது அவருக்கு மனப்பாடம். ஆனால் நாம் மண்டபத்தைப் பிடித்துவிட்டுத்தான் அவரைத் தேடிப் போகிறோம்.

தேதி விஷயம் இன்னொரு வேடிக்கை. ஜோசியர் நாள் குறித்து அதற்கு மண்டபம் தேடியது ஒரு காலம். ஆடி, புரட்டாசி, மார்கழி போக மிஞ்சும் மாதங்களில், வளர்பிறை முகூர்த்தமாகவும் ஞாயிற்றுக்கிழமையாகவும் அமைகிற நாட்கள் கொஞ்சம்தான். இப்போது மண்டபத்தில் காலியாக இருக்கும் தேதிகளை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் ஜோசியரிடம் நீட்டுகிறார்கள். அவரும் ஒன்றைப் பார்த்துக் கொடுக்கிறார். எனக்கு அதில் குறை தெரியவில்லை. தேய்பிறை முகூர்த்தத்துக்குச் சம்மதிப்பவர்கள் வாடகையில் பேரம் பேசலாம், அவ்வளவுதான்.

வாடகை என்று சொல்லும் தொகையை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. கரண்ட் மீட்டர் கணக்கு தனி, ஜெனரேட்டர் டீசல் தனி, துப்புரவு தனி. வெளியிலிருந்து அலங்காரக்காரரைக் கூட்டிவந்தால் அதற்கும் ஒரு கட்டணம் கேட்கும் இடங்கள் இருக்கின்றன. தேதி தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது வாய்ப்பேச்சை நம்பியவர்கள்தான் அலைந்தார்கள்.

இத்தனை செலவும் சட்டத்துக்காக இல்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கென 1967-ல் அண்ணா ஆட்சியில் கொண்டுவந்த 7-ஏ பிரிவின்படி, உற்றார் நண்பர்கள் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலே இந்துத் திருமணம் செல்லும். அதை ஊரறிய நடத்த வேண்டிய கட்டாயமும் இல்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, மண்டபம் பிடிப்பது வருகிறவர்களுக்காக. அவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து சாப்பிட்டு, பத்திரமாக வீடு திரும்ப வேண்டும்.

பத்திரமாக என்பதைச் சம்பிரதாயத்துக்காகச் சொல்லவில்லை. 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பிடித்த தீயில் மணமகன் உட்பட 50 பேருக்கு மேல் இறந்தார்கள். வீடியோ எடுப்பதற்காக இழுத்த மின் இணைப்பிலிருந்து கிளம்பிய தீ, கீற்றுக் கொட்டகையைப் பற்றிக்கொண்டது. இன்று கீற்று குறைந்துவிட்டது. அந்த இடத்துக்குத் துணியும் தெர்மாகோலும் பிளாஸ்டிக் பூவும் வந்திருக்கின்றன. அவையும் எரியும். மண்டபத்தில் நின்றுகொண்டு இரண்டாவது வாசல் எங்கே என்று கேளுங்கள். கைகாட்டிய கதவில் பூட்டுத் தொங்கினாலோ, அதன் முன்னால் நாற்காலி அடுக்கியிருந்தாலோ, நான் அந்த இடத்தை விட்டுவிடுவேன். மேடை எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

மற்றவை சில்லறை விஷயங்கள். இரு வீட்டார் அறைகளிலும் விடியற்காலை நாலு மணிக்கு வெந்நீர் வருமா, ஐப்பசி மழையில் கார் நிறுத்துமிடத்தில் தண்ணீர் தேங்குமா, ஹோமப் புகை போக வழி உண்டா என்பதை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒன்று மட்டும் பலர் மறந்துவிடுவது. பல மண்டபங்களில் வாடகை, முந்தின நாள் மதியம் மூன்று மணியிலிருந்து மறுநாள் மூன்று மணி வரை. முந்தின நாள் காலை அங்கே வேறொரு முகூர்த்தம் இருந்தால், உங்கள் சமையல் ஆட்கள் காய்கறி மூட்டையோடு வந்து இறங்கும்போது அந்த வீட்டாரின் கடைசிப் பந்தி ஓடிக்கொண்டிருக்கும். அண்டாக்கள் கழுவாமல் கிடக்கும். ஏழு மணிக்கு உங்கள் ரிசப்ஷன் டிபன். சமையல்கட்டுச் சாவி எத்தனை மணிக்குக் கைக்கு வரும் என்பதை அட்வான்ஸ் ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.